ஒரு டேங்கர் டீசலின் கரிக்கணக்கு

ராட்டர்டாம் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் எரிபொருள் இறக்குமதிக் கணக்கு எழுதுகிறேன். "டீசல் எதுவானாலும் எரிந்துதானே போகிறது, இதில் நல்லது கெட்டது என்னடா?" என்று ஊரிலிருந்து மாமா போனில் கேட்டார். அவருக்குச் சொன்ன கணக்கு இது. பேனாவும் காகிதமும் போதும்.

ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 36 மெகாஜூல் ஆற்றல். கிணற்றில் தொடங்கி சைலன்சர் வரை மெகாஜூலுக்கு எத்தனை கிராம் கரியமில வாயு என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015 அட்டவணையைப் பாருங்கள். சாதாரணக் கச்சா எண்ணெய் டீசலுக்கு 95. தார் மணலிலிருந்து வந்ததற்கு 108.5. நிலக்கரியைத் திரவமாக்கினால் 172! முதல் இரண்டையும் 36-ஆல் பெருக்கிக் கழித்தால் லிட்டருக்கு 486 கிராம் வித்தியாசம். 12,000 லிட்டர் டேங்கர் லாரிக்குக் கிட்டத்தட்ட 6 டன்.

காரணம் எளிது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் தார் போன்ற கெட்டி எண்ணெய் மணலோடு ஒட்டிக் கிடக்கிறது. மேலாக இருந்தால் தோண்டி வெந்நீரில் அலசுகிறார்கள். ஆழத்தில் இருந்தால் நீராவி செலுத்தி இளக்குகிறார்கள். அந்தச் சூட்டுக்கு எரிவாயு எரிகிறது. வண்டியில் ஊற்றுவதற்கு முன்பே பாதிப் பாவம் சேர்ந்துவிடுகிறது என்றேன் மாமாவிடம். பாதி என்பது கொஞ்சம் மிகைதான்.

அப்புறம், இந்த எண்களுக்கான சட்டத்தைப் படிக்கும் முறை. தலைப்பை விடுங்கள், இறக்குமதியாளர் தன் படிவத்தில் எந்த எண்ணை எழுத வேண்டும் என்று மட்டும் தேடுங்கள். எரிபொருளின் மெகாஜூலுக்கான கரியமில வாயுவை 2020-க்குள் 6 சதவீதம் குறைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் விதித்தது. தார் மணலுக்குத் தனி எண் வேண்டும் என்ற முன்மொழிவு 2011-இல் வந்தது. கனடா கடுமையாக எதிர்த்தது. 2015-இல் தனி எண் அட்டவணையில் அச்சானது, ஆனால் டீசல் எந்தக் கச்சாவிலிருந்து வந்தாலும் சராசரியான 95.1-ஐ எழுதலாம் என்று முடித்தார்கள். ஏட்டுச் சுரைக்காய். அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் கச்சாவுக்குச் சராசரி எண்தான், ஆனால் அந்தச் சராசரி 2010 அளவைத் தாண்டினால் எரிபொருள் விற்பவர்களின் கரிக்கணக்கில் கூடுதல் பற்று ஏறும்.

கடைசியாக, ஏற்றிய துறைமுகத்தின் பெயரை நம்பாதீர்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஏற்றிய டீசலின் கச்சா ஆல்பர்ட்டாவிலிருந்து வந்திருக்கலாம். சுத்திகரிப்பு ஆலை எந்தக் கச்சாவை வாங்கியது என்ற தாளைக் கேளுங்கள்.