கல்லூரி ஆசிரியரின் ஆண்டு இலக்குகள்: எங்கே தவறுகிறோம்?

கல்லூரி ஆசிரியர் ஒருவர் தமது ஆண்டு இலக்குகளை எழுத உட்காரும்போது முதலில் எடுத்து வைத்துக்கொள்வது, பெரும்பாலும், பதவி உயர்வு விண்ணப்பப் படிவத்தைத்தான். கட்டுரை எத்தனை, கருத்தரங்கு எத்தனை, புத்தொளிப் பயிற்சி எத்தனை, நெறியாள்கையில் முனைவர் பட்டம் பெற்றவர் எத்தனை பேர் என்று அதில் கட்டங்கள் இருக்கின்றன. காலியாகக் கிடக்கும் கட்டங்களை நிரப்புவதே அந்த ஆண்டின் வேலை என்றாகிவிடுகிறது. கடலூரில் ஒரு கல்லூரியில் பொருளியல் கற்பித்துவரும் நானும் முதல் பத்தாண்டுகள் இப்படித்தான் எழுதினேன். படிவத்தைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல வரவில்லை. வீட்டுக் கடன் கட்டுகிற எவராலும் அது முடியாது. ஆனால் அப்படிவம் செய்து முடித்தவற்றைக் கணக்கெடுப்பதற்காக உண்டானது. இனி எதைச் செய்வது என்று தீர்மானிக்கும் பொறுப்பையும் அதனிடமே ஒப்படைத்துவிடுவதுதான் முதல் தவறு. பின்னால் சொல்லப்போகும் தவறுகளில் பலவும் இதிலிருந்தே கிளைத்தவை.

மேலும், அந்தக் கட்டங்கள் நிலையானவையும் அல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010-ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆசிரியரின் கல்விப் பணிகளுக்குப் புள்ளி போடும் ஏ.பி.ஐ. மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தன. 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் அந்தக் கணக்கை மாற்றி அமைத்தன. எந்த ஆய்விதழ்கள் ஏற்கத்தக்கவை என்று அக்குழு வகுத்த கேர் பட்டியல் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் அதைக் கைவிடுவதாக அறிவிப்பு வெளியாயிற்று. புதுச்சேரியில் பணியாற்றும் தமிழ்த்துறை நண்பர் ஒருவர், தாம் மனதில் வைத்திருந்த ஒரு நீண்ட கட்டுரையை மூன்று துண்டாக நறுக்கி, பட்டியலில் இருந்த இதழ்களின் பக்க அளவுக்கு ஏற்பத் தைத்துக்கொண்டிருந்தார். இரண்டு துண்டுகள் வெளிவந்தன, மூன்றாவதை எழுதி முடிப்பதற்குள் பட்டியலே போய்விட்டது. அவர் வருந்துவது பட்டியலுக்காக அல்ல. அந்த நீண்ட கட்டுரையை இனி யாரும், அவர் உள்பட, எழுதப்போவதில்லை.

படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதத் தொடங்குபவர்கள் அடுத்ததாக வழுக்குவது, இலக்கைப் பெரிய சொற்களால் எழுதுவதில். 'இந்த ஆண்டு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை முழுமையாகப் படிப்பேன்' என்று வரலாற்றுத் துறையைச் சேர்ந்த தோழி ஒருவர் ஆண்டுதோறும் எழுதிவந்தார். பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் துபாஷியாக இருந்தவர் 1736 முதல் 1761 வரை எழுதிய அந்தப் பதிவுகளை வகுப்புகளுக்கு இடையே முழுமையாகப் படிப்பது நடக்கிற காரியமில்லை என்பது அவருக்கும் தெரியும், ஆகவே தொடங்கவே இல்லை. பிறகு ஒரு ஜூன் மாதத்தில் அதையே, '1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட மாதங்களின் பதிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஊருக்குள் உணவுப் பொருள் எப்படிக் கிடைத்தது என்பதற்கான குறிப்புகளைத் தனித்தாளில் எழுதுவேன்' என்று மாற்றிக்கொண்டார். ஆயுத பூஜை விடுமுறைக்குள் அது முடிந்தது. இலக்கில் ஒரு கேள்வி இருந்தால், எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதைத் திறக்காமல் விடுவது என்பது தானாகத் தெளிந்துவிடுகிறது.

இனி நேரக் கணக்கு. இதை ஒருமுறையேனும் தாளில் போட்டுப் பார்க்காதவர்களே நம்மில் அதிகம், பொருளியல் ஆசிரியர்களும் விதிவிலக்கல்லர். 2018 விதிமுறைகளின்படி முழுநேர ஆசிரியரின் பணிச்சுமை, ஆண்டில் 30 வேலை வாரங்களுக்கு, வாரத்திற்கு 40 மணி நேரத்திற்குக் குறையக் கூடாது. அதில் நேரடி வகுப்பு உதவிப் பேராசிரியருக்கு 16 மணி நேரம், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரம். என் வாரத்தை எடுத்துக்கொண்டால், 40-இல் வகுப்புக்கு 14 போக மீதி 26. ஒரு வகுப்புக்கு ஒரு மணி நேரம் தயாரிப்பு என்று வைத்தால் இன்னொரு 14 கழிகிறது, மீதி 12. உள்மதிப்பீட்டுத் தேர்வுத் தாள்கள், வருகைப் பதிவு, மாணவர் ஆலோசனை ஆகியவற்றுக்கு 5; குழுக் கூட்டங்களுக்கும் கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பின் தரமதிப்பீட்டுக் கோப்புகளுக்கும் 4. கடைசியில் கையில் நிற்பது வாரத்திற்கு 3 மணி நேரம், 30 வாரங்களுக்கு 90 மணி நேரம். நான் கடைசியாக எழுதிய கட்டுரைக்கு, களப்பணியைச் சேர்க்காமலே, ஏறத்தாழ 140 மணி நேரம் ஆயிற்று என்பதை நாட்குறிப்பில் குறித்து வைத்திருக்கிறேன். கோடை விடுமுறையில் கிடைப்பதையும் சேர்த்தால் ஆண்டுக்கு ஒரு கட்டுரையும், அடுத்த கட்டுரையின் பாதியும் எழுதலாம். நானோ ஆண்டு தவறாமல் 'நான்கு கட்டுரைகள்' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கணக்கில் பேருந்து நேரத்தைச் சேர்க்காதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதுச்சேரி முருங்கப்பாக்கத்திலிருந்து கடலூருக்குப் போகவும் வரவும் ஆகும் இரண்டு மணி நேரத்தில் படித்துவிடலாம் என்று பல ஆண்டுகள் நம்பினேன். தவளக்குப்பத்தில் ஏறும் கூட்டத்தில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பவரால் கன்னியக்கோயில் வருவதற்குள் ஒரு பத்தியைக்கூட முடிக்க இயலாது.

நேரத்தைக் குறைத்து மதிப்பிடுவது நம் சோம்பலால் மட்டும் வருவதல்ல. உளவியலாளர்களான கானெமனும் டிவெர்ஸ்கியும் 1979-இலேயே இதை மனித மதிப்பீட்டின் பொதுவான சாய்வு என்று விளக்கினர். 1994-இல் பியூலர், கிரிஃபின், ராஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், தங்கள் ஆய்வேட்டை முடிக்க எவ்வளவு நாள் ஆகும் என்று உளவியல் மாணவர்களைக் கேட்டபோது சராசரியாக 34 நாள் என்றனர். உண்மையில் ஆனது ஏறத்தாழ 55 நாள். வேலையை மனதில் ஓட்டிப் பார்த்து நாள் சொல்லும்போது எல்லாம் தடையின்றி நடப்பதாகவே அது ஓடுகிறது. சென்ற முறை இதே போன்ற வேலைக்கு எத்தனை நாள் ஆனது என்று பழைய குறிப்பைப் பார்த்துச் சொல்பவர் அவ்வளவாக ஏமாறுவதில்லை. ஆகவே முதல் ஆண்டில் வேறு எதையும் செய்யாவிட்டாலும், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போயிற்று என்று எழுதி வைப்பது அடுத்த ஆண்டின் இலக்குகளுக்கு உதவும்.

எந்த நாட்காட்டியை முன்வைத்து எழுதுகிறோம் என்பதில்தான் தவறு மிக எளிதாக நேர்கிறது. 'ஆண்டு' என்றால் நமக்கு ஒன்றல்ல, மூன்று. ஜனவரியில் டைரி மாறுகிறது. ஏப்ரலில் நிதியாண்டு மாறுகிறது. ஜூனில் கல்வியாண்டு தொடங்குகிறது. ஆய்வுத் திட்ட நிதி பெற்றவர்கள் மார்ச் 31-க்குள் செலவை முடித்துப் பயன்பாட்டுச் சான்றிதழுக்கு ஓடிக்கொண்டிருக்கும் அதே வாரங்களில் இரட்டைப்படைப் பருவத்தின், அதாவது கல்வியாண்டின் இரண்டாம் பாதியின், பாடங்களையும் முடிக்க வேண்டியிருக்கிறது. புத்தாண்டு உற்சாகத்தில் 'மார்ச்சுக்குள் முதல் வரைவு' என்று எழுதுபவர் இந்த மோதலைப் பார்ப்பதில்லை. என் அனுபவத்தில் ஜூன் மாதமே இலக்கு எழுத ஏற்றது, வரப்போகும் கால அட்டவணை அப்போதுதான் கையில் கிடைக்கிறது.

இந்தக் கடற்கரையில் வாழ்பவருக்கு இன்னொரு நாட்காட்டியும் உண்டு. 'தானே' புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2015 நவம்பர், டிசம்பரில் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் கிடந்தது. 2020 நவம்பர் இறுதியில் 'நிவர்', 2024 நவம்பர் 30 அன்று 'ஃபெஞ்சல்', அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என்று, ஒற்றைப்படைப் பருவத்தின் கடைசி வாரங்களும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுவது நமக்குப் புதிதல்ல. மழை விடுமுறை என்றால் வீட்டில் உட்கார்ந்து எழுதலாம் என்று நினைப்பவர்கள் வெளியூர்க்காரர்களாக இருக்க வேண்டும். மின்சாரம் இருக்காது, விட்டுப்போன நாட்களுக்கு ஈடாகச் சனிக்கிழமைகள் வேலைநாட்களாகும், தள்ளிப்போன தேர்வுகள் விடைத்தாள் திருத்தும் முகாமோடு மோதும். ஆகவே அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் முடிய என் தாளில் புதிய எழுத்து வேலை எதையும் நான் வைப்பதில்லை. மேற்கோள்களைச் சரிபார்ப்பது, அட்டவணைகளை ஒழுங்குபடுத்துவது போன்ற, விட்டுவிட்டுச் செய்யக்கூடியவற்றை மட்டும் வைக்கிறேன்.

இதை நான் கற்றுக்கொண்டது சொந்த அசட்டுத்தனத்தால். கடலூர் முதுநகர்த் துறைமுகத்து விசைப்படகுகளில் டீசல், ஐஸ் செலவு போக மீதி வருமானம் உரிமையாளருக்கும் தொழிலாளிகளுக்கும் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று நேரில் பார்த்துக் குறிப்பெடுப்பது ஓர் ஆண்டின் முதன்மை இலக்காக இருந்தது. கல்லூரி நாட்காட்டியைப் பார்த்தேன். மே மாதம் முழுவதும் விடுமுறை. மே முதல் வாரத்தில் குறிப்பேட்டோடு விடியற்காலையில் போய் நின்றபோது விசைப்படகுகள் அத்தனையும் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது கடலூரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியாததல்ல. இலக்கை எழுதிய அன்று அது நினைவுக்கு வரவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "டீச்சர், படகு எல்லாம் உங்களுக்கு லீவு முடிஞ்சப்புறந்தான் கடலுக்குப் போகும்" என்றார். அந்த வேலை ஓராண்டு தள்ளிப்போயிற்று. ஆய்வு செய்யப்படும் மக்களுக்கும் பொருள்களுக்கும் தனி நாட்காட்டி உண்டு. அது சுவடி நூலகமானாலும், வயலானாலும், பள்ளிக்கூடமானாலும் முதலில் அதை விசாரித்துவிட்டுத்தான் நம் விடுமுறையைப் பார்க்க வேண்டும்.

நம் கையில் இல்லாததை இலக்காக்குவது மற்றொரு தவறு, இதன் விளைவு சற்று மோசமானது. 'ஸ்கோபஸ் என்னும் பன்னாட்டு ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழ்களில் இரண்டு கட்டுரைகள் வெளிவர வேண்டும்' என்று எழுதினால், அதன் வெற்றி இதழாசிரியரிடமும் முகம் தெரியாத இரண்டு மதிப்பீட்டாளர்களிடமும் போய்விடுகிறது. செப்டம்பர் வரை பதில் வராதபோது மனம் பதறுகிறது. அந்தப் பதற்றத்தைத்தான், பணம் கட்டினால் சில நாட்களில் வெளியிட்டுத் தருகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்கள் அறுவடை செய்கின்றன. நானும் ஒருமுறை கட்டியிருக்கிறேன். அந்தக் கட்டுரையை இன்று என் பட்டியலில் சேர்க்கக் கூசுகிறது. இப்போது எழுதும் முறை வேறு: 'ஆகஸ்ட் கடைசிக்குள் அனுப்பிவிட வேண்டும், திரும்பி வந்தால் மூன்று வாரத்திற்குள் திருத்தி, முன்பே குறித்து வைத்திருக்கும் இரண்டாவது இதழுக்கு அனுப்ப வேண்டும்.' இரண்டாவது இதழின் பெயரை முன்கூட்டியே எழுதி வைப்பது சின்ன விஷயம்தான். மறுப்புக் கடிதம் வந்த அன்று மாலை அது எவ்வளவு ஆறுதல் தருகிறது என்பதைப் பட்டவர்கள் அறிவார்கள்.

பிறருடைய வேலைகளைப் பட்டியலுக்கு வெளியே விடுவதும் வழக்கம். ஒருவர் ஒரே நேரத்தில் நெறிப்படுத்தக்கூடிய முனைவர் பட்ட மாணவர்களின் உச்ச எண்ணிக்கை உதவிப் பேராசிரியருக்கு 4, இணைப் பேராசிரியருக்கு 6, பேராசிரியருக்கு 8. உச்சம் என்று சொல்லப்பட்டதை நிரப்ப வேண்டிய எண்ணாக எடுத்துக்கொள்பவர்கள், ஓர் இயலை வரிவரியாகப் படித்துத் திருத்த எத்தனை மாலைகள் போகும் என்று கணக்கிடுவதில்லை. அந்த மாலைகள் கடைசியில் தம் சொந்த எழுத்திலிருந்தோ மாணவரின் தரத்திலிருந்தோ கழிகின்றன. சிறப்புரை அழைப்புகளும் அப்படியே. ஒரு பருவத்திற்கு இரண்டு என்று நானே வரம்பு கட்டியிருக்கிறேன். மூன்றாவதாக அழைப்பவரிடம் அடுத்த பருவத்தில் வருகிறேன் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கற்பித்தல் சார்ந்த இலக்கு பலருடைய தாளில் ஒன்றுகூட இல்லாதது எனக்கு விளங்காத புதிர், நம் வாரத்தின் பெரும்பகுதி அதில்தான் போகிறது. பத்தாண்டு பழைய குறிப்பை வைத்து ஓட்டும் ஓர் அலகை மட்டும் இந்த ஆண்டு புதிதாக எழுதுவேன் என்பது போதுமான இலக்கு.

எழுதிய தாளை அடுத்த ஜூன் வரை திறக்காமல் வைத்திருப்பவர்களும் உண்டு. நான் காந்தி ஜெயந்தி விடுமுறையில், மழை தொடங்குமுன், ஒருமுறை பார்க்கிறேன். பொங்கல் விடுமுறையில் இன்னொரு முறை. முடியாமல் நிற்பவற்றை அப்படியே அடுத்த பக்கத்திற்கு இறக்கிவிடாமல், ஏன் நின்றது என்று எதிரே ஒரு வரி எழுதுகிறேன். இரண்டு முறை ஒரே காரணம் வந்தால் அடித்துவிடுவது. மூன்றாவது ஆண்டாகத் தள்ளிக்கொண்டு வந்த நூல் மதிப்புரை ஒன்றைச் சென்ற பொங்கலன்று அப்படித்தான் அடித்தேன். அதைக் கேட்டிருந்த இதழாசிரியருக்கு, என்னால் இயலவில்லை, வேறொருவரிடம் கொடுங்கள் என்று நான்கு வரியில் மின்னஞ்சல் எழுதினேன். மறுநாளே பதில் வந்தது: சென்ற ஆண்டே வேறொருவரிடம் கொடுத்து, அது வெளிவந்தும் விட்டதாம்.