அலுமினியமா, ஸ்டீலா: ஃப்ளைவீல் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஞ்சினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவே சுழலும் கனத்த வட்டுதான் ஃப்ளைவீல். அதைத் தொட வேண்டுமென்றால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். தப்பான ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டால் அந்த வேலை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். அதனால் யோசனையெல்லாம் காசு கொடுப்பதற்கு முன்னால்தான்.

தராசு காட்டும் எடையை மட்டும் பார்ப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், ஸ்டீல் ஏறக்குறைய 7.8 கிராம். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் சுழலும் பொருளில் எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதும் கணக்கு. மையத்திலிருந்து 14 செ.மீ. தள்ளி இருக்கும் ஒரு கிலோ, 7 செ.மீ. தொலைவில் இருக்கும் ஒரு கிலோவைவிட நான்கு மடங்கு முரண்டுபிடிக்கும். பள்ளியில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தோமே, அதுதான் இது. அலுமினிய ஃப்ளைவீலிலும் விளிம்பில் ஸ்டார்ட்டர் மோட்டார் பிடித்துச் சுழற்றும் பல்வளையமான ரிங் கியர் ஸ்டீல்தான், கிளட்ச் தட்டு உரசும் வளையமும் பொதுவாக ஸ்டீல்தான். ஓரத்தில் நன்றாகக் குடைந்து செய்த ஸ்டீல் ஃப்ளைவீல், தராசில் கொஞ்சம் கூடுதலாக நின்றாலும் சுழற்சியில் அலுமினியத்தை நெருங்கிவிடும். எடையோடு நிலைமத் திருப்புத்திறன் எவ்வளவு என்பதையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, லேசான ஃப்ளைவீல் போட்டால் குதிரைத்திறன் கூடும் என்ற நம்பிக்கை. எஞ்சின் உண்டாக்கும் சக்தி துளியும் கூடாது. ஃப்ளைவீலைச் சுழற்றி வேகமேற்றுவதில் செலவாகும் பங்கு குறைகிறது, அவ்வளவுதான். அந்த லாபமும் எல்லா கியரிலும் ஒரே மாதிரி கிடைக்காது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 செ.மீ. விட்டமுள்ள சீரான தட்டில் 10 கிலோவை 5 கிலோவாகக் குறைக்கிறோம். முதல் கியரில் மொத்த விகிதம் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் சுற்றும் சுற்றுகள்) 14, டயரின் ஆரம் 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், வேகமெடுக்கும்போது காரிலிருந்து சுமார் 120 கிலோவை இறக்கிவைத்தது போல இருக்கும். மொத்த விகிதம் 3.2 ஆக இருக்கும் டாப் கியரில் அதே மாற்றத்துக்குப் பலன் வெறும் 6 கிலோ! வளைவுக்கு வளைவு கியர் மாற்றும் ட்ராக்கில் இதை நன்றாக உணரலாம். நெடுஞ்சாலையில் டாப் கியரிலேயே போகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

'எவ்வளவு லேசோ அவ்வளவு நல்லது' என்பதும் தவறு. கனமான ஃப்ளைவீல் ஆற்றலைச் சேமித்து வைக்கும். மேலே சொன்ன 10 கிலோ தட்டு 6000 ஆர்பிஎம்மில் ஏறக்குறைய 22 கிலோஜூல் வைத்திருக்கும். கிளட்ச்சை விட்டதும் அது காரை முன்னே தள்ளும். பிடிப்புள்ள டயரோடு, நேர்கோட்டில் நடக்கும் டிராக் ரேஸில் (drag race) கிளம்பும் கனமான காருக்கு அது பெரிய உதவி. அதைப் பாதியாக்கினால் கிளம்பும்போதே எஞ்சின் திணறும். சாலையிலும் அப்படித்தான். மேட்டில் சிக்னல் விழுந்து நிற்கிறீர்கள். பச்சை வந்ததும் பழைய பழக்கத்தில் கிளட்ச்சை விட்டால், ஆர்பிஎம் முள் சட்டென்று விழுந்து எஞ்சின் நின்றுவிடும். பின்னால் ஹாரன் சத்தம். தினமும் நெரிசலில் ஓட்டும் காருக்கு நான் அலுமினியத்தைச் சொல்ல மாட்டேன். மிதமாக எடை குறைத்த ஸ்டீலே போதும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது வேறொன்று. செலவை மிச்சப்படுத்த, கம்பெனி கொடுத்த வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்துக் கடைந்து மெலிதாக்குகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வார்ப்பிரும்பு இழுவிசையைத் தாங்காது. சூட்டில் மயிரிழை போல விரிசல் விட்டு, உயர் ஆர்பிஎம்மில் வெடித்துச் சிதறும். துண்டுகள் கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கைப் பிளந்துகொண்டு வரும், ஓட்டுபவரின் கால்கள் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ரேஸுக்கு ஓட்டுவதானால் எஸ்எஃப்ஐ 1.1 (ரேஸ் உதிரிபாகங்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரம்) சான்று உள்ள ஃப்ளைவீலாகப் பார்த்து வாங்குங்கள்.

அலுமினியம்தான் என்று முடிவு செய்தால், கிளட்ச் தட்டு உரசும் அந்த ஸ்டீல் வளையம் தனியாகக் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வளையத்தைப் பிடித்திருக்கும் திருகுகளின் தலை உரசும் பரப்புக்குக் கீழே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஸ்டீலில் இந்தத் தொல்லை இல்லை, கிரைண்டிங் செய்து மறுபடி போடலாம்.

டூயல் மாஸ் ஃப்ளைவீல் (இரண்டு தட்டுகளை ஸ்பிரிங்கால் இணைத்தது) உள்ள காரில் ஒற்றைத் தட்டுக்கு மாறினால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது (ஐடில்) கியர்பாக்ஸ் கடகடவென்று சத்தம் போடும். ஸ்பிரிங் வைத்த கிளட்ச் தட்டு கட்டாயம், அப்போதும் சத்தம் முழுதாகப் போகாது. சில எஞ்சின்களில் ஃப்ளைவீலிலேயே எதிரெடை வைத்து பேலன்ஸ் செய்திருப்பார்கள். எதிரெடை பொருந்தாத ஒன்றைப் போட்டால் அதிர்வே பேரிங்குகளைத் தின்றுவிடும்.

அப்புறம், கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே எஞ்சினின் பின்முனையில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரியர் மெயின் ஆயில் சீலை மாற்றிவிடுங்கள். பழைய ஃப்ளைவீல் போல்ட்டுகளைத் திரும்பப் போடாதீர்கள். புதியவற்றைத் தயாரிப்பாளர் சொன்ன டார்க்குக்கு (முறுக்கும் அளவு), குறுக்கு வரிசையில், டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள்.