முயல் தின்னாததற்குக் காரணம் கடைவாய்ப் பல்

எங்கள் முயல் தீனியைக் கண்டால் ஓடி வரும், கேரட்டைக் கவ்வும், உடனே கீழே போட்டுவிடும். புழுக்கை சிறுத்துக்கொண்டே வந்து நின்றேபோனது. வெயில் என்று நினைத்து ஈரச்சாக்கு கட்டினோம். வாயுவுக்குச் சொட்டு மருந்து கொடுத்தோம். தனியார் மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பள்ளிபாளையத்து விசைத்தறிக் கூலியில் அதற்கு வழியில்லை.

தாடை எந்நேரமும் ஈரமாக இருந்தது. முன்னங்கால்களின் உள்பக்க முடி சடைவிழுந்து கிடந்தது. வழிகிற எச்சிலைக் காலால் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது! பசியற்ற முயல் தீனிப் பக்கமே வராது. இது வந்தது, மெல்லத்தான் முடியவில்லை.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இதைச் சொன்னதும் விளக்கடித்து வாய்க்குள் பார்த்தார்கள். முன்பற்கள் சரிதான். கடைவாய்ப் பல் ஒன்று முள்போல் நீண்டு நாக்கைக் கிழித்திருந்தது. மயக்கம் கொடுத்துத் தேய்த்துவிட்டார்கள். செலவு கைக்கடக்கமாக முடிந்ததில் அப்பாடா என்றிருந்தது.

முயலின் பல் ஆயுள் முழுக்க வளரும். நாருள்ள புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். கேரட்டுக்கு அந்த வேலை ஆகாது. காங்கேயத்து மாமன் தன் கொறங்காட்டில், அதாவது மானாவாரி மேய்ச்சல் நிலத்தில், அறுத்துக் காயவைத்த கொழுக்கட்டைப் புல் அனுப்புகிறார். சுணைக்கதிர் வாயில் குத்தும் என்பதால் அதை மட்டும் கிள்ளிவிட்டுப் போடுகிறேன். புழுக்கை இப்போது பழையபடி பெரிதாக விழுகிறது.