ஹீலியஸ் 44-2 லென்ஸில் பூஞ்சை பிடித்தால்

சோவியத் ஜெனிட் கேமராக்களோடு வந்த 58 மிமீ எஃப்/2 லென்ஸ் இது. அமைப்பு எளிது என்பதால், லென்ஸைக் கழற்றிப் பழக இதைத்தான் சொல்வேன்.

முதலில் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் பூஞ்சை. நாலைந்து தூசி தெரிந்தால் விட்டுவிடுங்கள், படத்தில் வராது. விளிம்பில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன, அதில் கை வைக்க வேண்டாம்.

பெயர் பொறித்த முன்வளையத்துக்கு ரப்பர் பிடி போதும். உள்வளையங்களுக்கு லென்ஸ் ஸ்பேனர் வேண்டும், அதாவது வளையத்தின் பள்ளங்களில் இரண்டு முனைகளை வைத்துத் திருப்பும் கருவி. முனைகளைத் திருகு போட்டு இறுக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், மற்றவை பாரம் தாங்காமல் விரியும்.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது இறுகிப்போன உள்வளையம்தான். பலத்தால் திருகினால் ஸ்பேனர் வழுக்கும், கண்ணாடியில் கோடு விழும். கண்ணாடி அளவுக்கு ஒரு வட்ட அட்டையை வெட்டி அதன்மேல் வையுங்கள். பல்குச்சி நுனியில் லைட்டர் திரவத்தைத் தொட்டு மரையில் மட்டும் ஒற்றிவிட்டுக் காத்திருங்கள். அப்புறம் ஸ்பேனரைச் செங்குத்தாகக் கீழ்நோக்கி அழுத்தியபடியே மெல்லத் திருப்புங்கள். அசையவில்லையா? மறுபடி ஒரு சொட்டு, மறுபடி காத்திருப்பு. அசிட்டோன் வேண்டாம், கண்ணாடி விளிம்பில் பூசிய கறுப்பை அது கரைத்துவிடும்.

வெளியே எடுக்கும் ஒவ்வொரு கண்ணாடியும் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு கண்ணாடிகளில் நான்கு, இரண்டிரண்டாக ஒட்டியவை. அந்த ஜோடிகள் டயாஃப்ரத்தின் (ஒளியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் இதழ்கள்) இருபுறமும் இருக்கும். அவற்றை எதிலும் ஊற வைக்காதீர்கள்.

ப்ளோயரால் தூசியை ஊதிய பிறகே துடைக்க வேண்டும். 3% ஹைட்ரஜன் பெராக்ஸைடை லென்ஸ் தாளில் நனைத்து ஒற்றி, சில நிமிடம் கழித்து ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் நடுவிலிருந்து விளிம்புக்குச் சுற்றித் துடையுங்கள். பஞ்சுக் குச்சி எனக்குப் பிடிக்காது, நார் விடும். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் போகும் என்பவர்களை நம்பாதீர்கள், போவது கண்ணாடிமேல் உள்ள மெல்லிய பூச்சான கோட்டிங்தான். பூஞ்சை அரித்த தடம் மிஞ்சினாலும் லென்ஸ் வீணில்லை. எதிர்வெளிச்சத்தில் மட்டும் ஹூட் (லென்ஸின் முன் மாட்டும் ஒளி மறைப்பு) போடுங்கள். முன்கண்ணாடியில் ஆழமான கீறல் இருந்தால், அதற்குள் கறுப்பு மையை நிரப்பி, சுற்றிப் படிந்ததைத் துடைத்துவிடுங்கள். ஒளி சிதறுவது குறையும்.

பின்சேர்க்கை: பென்டாக்ஸின் பழைய லென்ஸான சூப்பர் டாகுமார் 50 மிமீ எஃப்/1.4 மஞ்சளாக இருக்கிறது, துடைத்தும் போகவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அது அழுக்கில்லை. அந்த லென்ஸின் தோரியம் கலந்த கண்ணாடி நாளாக நாளாக மஞ்சளாகும். புற ஊதா விளக்கின் கீழ் நாள்கணக்கில் வைத்தால் தெளியும்.

சரி, துடைத்த லென்ஸில் பூஞ்சை திரும்ப வருகிறது என்றால் தோல் உறையைப் பாருங்கள். ஈரத்தைப் பிடித்து வைப்பது அதுதான். உறையைத் தனியே எடுத்துவிட்டு, லென்ஸை சிலிகா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.