ஊற்றடியில் தெரியும் தலைவன்: போர் நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேதுநாட்டு (ராமநாதபுரம் சீமை) வாரிசுப் போரை நாவலாக்க வருகிறவர்கள் கூடிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல களம்தான். ஒரு பக்கம் பவானி சங்கரன், மறுபக்கம் கட்டயத் தேவரும் சசிவர்ணத் தேவரும். ஓரியூரில் முடிவு. 1730 வாக்கில் சீமை ஐந்து பங்காகி, மூன்று ராமநாதபுரத்துக்கும் இரண்டு சிவகங்கைக்கும் போயின. ஆனால் கைப்பிரதிகளில் நாங்கள் முன்பு செய்த அதே தவறுகள். ஆண்டுப்பிழை, பெயர்ப்பிழையெல்லாம் யாரும் திருத்திவிடலாம், அவற்றை விடுவோம்.

தளபதியின் சொற்பொழிவு

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. விடிந்தால் போர். தளபதி குதிரைமேல் இருந்து இரண்டு பக்கம் பேசுகிறார். 300 பேரும் "உயிரைக் கொடுப்போம்" என்கிறார்கள். விசுவாசம் காட்டியாயிற்று என்று ஆசிரியர் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார். தொண்டிக் கடற்காற்றில் அந்தப் பேச்சு முன்வரிசைகளைத் தாண்டாது என்பது இருக்கட்டும். வாயால் சொல்லி முடித்த விசுவாசத்துக்குப் பிறகு விலை வைக்க முடியாது. பின்னால் எவனாவது ஓடினால் காரணம் பிடிபடாது, நின்றாலும் வியப்பில்லை. பின்பாதி முழுவதையும் திருப்பி எழுத வேண்டிவரும்.

பேச்சை எடுத்துவிட்டு அங்கே ஊற்றை வையுங்கள். கடலோர மணலில் மூன்று, நான்கு அடியிலேயே நல்ல தண்ணீர் கிடைக்கும். உப்புநீருக்கு மேலே மழைநீர் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினாலோ, ஊறுவதைவிட வேகமாக இறைத்தாலோ உவர் ஏறிவிடும். ஆளுக்கு 4 லிட்டர் என்றாலே 300 பேருக்கு 1,200 லிட்டர், ஏறக்குறைய 100 குடம். ஒரு குழி போதாது. தள்ளித் தள்ளிப் பத்துக் குழியாவது வேண்டும். சிரட்டையால் மொண்டு, ஊற விட்டு, மறுபடி மொள்ள வேண்டும். நாளெல்லாம் நடந்து வந்தவன் காத்திருப்பானா?

முறை தப்பிக் குழியில் இறங்குகிறவன் தலைவனின் அக்காள் மகனாக இருக்கட்டும். தலைவன் என்ன செய்கிறான் என்று மற்றவர்கள் வாய் திறக்காமல் பார்க்கட்டும். மருமகனை அவன் கண்டுகொள்ளாமல் விட்டால், போர் நாளில் இடப்பக்க அணி ஒரு நாழிகை பிந்தி வருவதற்கு வேறு விளக்கமே தேவையில்லை.

"நாட்டுக்காக"

இரண்டு பக்கமும் ஒரே நாடு.

ஒற்றை ஆளாகக் கட்சி மாறுவது

படைச்சேவைக்கு விட்ட நிலத்தை உழுகிறவனுக்கு அரண்மனை தூரம். ஊரிலிருந்து கூட்டிவந்த படைத்தலைவரான சேர்வைக்காரர்தான் பக்கம். அவர் மாறினால் அவர் ஆட்கள் மொத்தமும் மாறும். மாறாமல் நிற்கும் ஒருவனுக்கு மட்டும் தனிக் காரணம் எழுதுங்கள்.

பிறவித் துரோகி

வேண்டாம், கொடுக்கல் வாங்கல் போதும். பாம்பாற்றுக்கு வடக்கே உள்ள பகுதியைத் தருவதாகச் சொல்லித் தஞ்சை மராட்டியர் உதவி பெற்றவர் பவானி சங்கரன். சொன்னபடி தரவில்லை. அதே தஞ்சைப் படை பிறகு அவருக்கு எதிராக வந்தது. கோபம் தொடங்கிய இடத்தை வாசகர் விரல் வைத்துக் காட்ட முடிகிறது, பாருங்கள்.

சீமைக்கருவேலங்காட்டில் பதுங்குவது

18ஆம் நூற்றாண்டில் அது இங்கே கிடையாது. வெட்டிவிடுங்கள். பனையும் உடைமரமும் இருக்கின்றன.

அடைமழையில் வெடி

திரித் துப்பாக்கியை ஒருமுறை சுட்டு மறுபடி கெட்டிக்க அரை நிமிடமாவது ஆகும். திரி நனைந்தால் அதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் போரை வைத்தால் எறிந்து தாக்கும் வளரியும் ஈட்டியும்தான்.