வணிகம் படித்த கண்ணோடு வீட்டுக்கு வரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் எம்.பி.ஏ. முதல் பருவம் முடிந்து விடுமுறை விட்டதும், அத்தையின் பலகாரக் கணக்கு நோட்டைத்தான் முதலில் கையில் எடுத்தேன். கைமுறுக்கு கிலோ 300 ரூபாய். அரிசி, உளுந்து, எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 190 ஆகிறது. மீதி 110. ஒரு நாளைக்கு 12 கிலோ சுட்டால் 1,320 ரூபாய் லாபம். விற்பனையை இரண்டு மடங்காக்கினால் நம் கவலை தீர்ந்தது என்று அத்தையிடம் சொன்னேன்.

அத்தை மாவுக் கையைத் துடைக்காமலே கேட்டார்: "ஏத்தா, நானும் ஒங்கம்மாவும் விடியக் காலைல இருந்து உக்காந்து சுத்துறோமே, அதை எதுல எழுதிருக்க?"

எதிலும் எழுதவில்லை. அப்போது எங்கள் பக்கம் பலகாரம் செய்ய வரும் ஆளுக்கு நாள்கூலி 400. இரண்டு பேருக்கு 800. சுட்டு எடுத்துத் தட்டில் கொட்டும்போது உடைவது ஒரு கிலோவாவது இருக்கும். அது வீட்டுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் போகும், அதில் 300. எல்லாம் போக நிற்பது 220 ரூபாய். இரண்டு மடங்காக்க வேண்டுமென்றால் இன்னும் இரண்டு பேர் வேண்டும், அவர்களுக்குக் கையில் கூலி கொடுக்க வேண்டும். நான் சொன்ன யோசனையில் அது எதுவுமே இல்லை.

இத்தனைக்கும் பாடத்திலேயே இது உண்டு. வெளிப்படைச் செலவு, மறைமுகச் செலவு என்று பிரித்துப் படித்து, தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். வகுப்பில் கணக்குப் போடும்போது எல்லாச் செலவும் கேள்வித்தாளிலேயே அச்சாகி வந்துவிடும். வீட்டில் அப்படி யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. பில் உள்ளது மட்டும் கண்ணில் படுகிறது. பில் இல்லாத உழைப்பு பெரும்பாலும் அம்மா, அத்தை, அப்பத்தா கை உழைப்பாக இருப்பதால், அது இலவசம் என்றே நமக்குத் தோன்றிவிடுகிறது. வணிகம் படித்துவிட்டு ஊருக்கு வரும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். நோட்டைத் திறக்கும் முன்னால் ஒரு நாள் முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள் என்று பாருங்கள்.

லாபம் வந்தால் காசும் வந்துவிட்டது என்று நினைப்பது

அந்த ஆண்டு தீபாவளிக்கு ஒரு கடைக்காரர் 40 கிலோ கேட்டார். 12,000 ரூபாய் சரக்கு. நோட்டில் விற்பனை என்று எழுதி, லாபத்தையும் கணக்குப் பார்த்து வைத்தேன். எண்ணெய்க் கடைக்காரருக்கு அன்றைக்கே ரொக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. முறுக்கு வாங்கியவர் காசு கொடுத்தது கார்த்திகை பாதியில். நடுவில் இருந்த அந்த நாட்களை ஓட்ட, அத்தை கைவளையலை அடகு வைத்தார். எங்கள் நோட்டின்படி அது நல்ல மாதம்!

விற்றது எவ்வளவு, வந்தது எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். வரவேண்டியதன் பக்கத்தில் தேதியும் போட வேண்டும். இது புரிய வெளிநாட்டு நிறுவனத்தின் கதை எதுவும் வேண்டாம், நம் ஊர்க் கதையே போதும். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் பர்மாவில் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. கடன் வாங்கியவர்களால் திருப்பிக் கட்ட முடியவில்லை, ஈடாக வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நகரத்தாரிடம் இருந்தது சுமார் 6 சதவீத நிலம். 1937–38 வாக்கில் அது சுமார் 25 சதவீதம்.

சொத்துக் கணக்கைப் பார்த்தால் பெரிய வளர்ச்சி. ஆனால் அந்த நிலத்தை நினைத்த நேரத்தில் காசாக்க முடியாது. விலை விழுந்த ஊரில் விற்க வந்தால் வாங்க யார் இருக்கிறார்கள்? வட்டிக் கடை நடத்தியவர்களுக்கு வேண்டியது சுழலும் பணம், கையில் நின்றது மண். நிலமிழந்த பர்மிய விவசாயியின் கோபமும் அந்த மண்ணோடு சேர்ந்து வந்தது. 1942-இல் ஜப்பானியப் படை வந்ததும் நம்மவர்கள் கிளம்பி ஓடிவர வேண்டியதாயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கும் பிள்ளைகள் இந்த ஒரு கதையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால், சொத்து என்ற தலைப்பின் கீழே எதைப் பார்த்தாலும், ‘இதை எத்தனை நாளில் காசாக்கலாம், யார் வாங்குவார்?’ என்று கேட்கும் பழக்கம் வந்துவிடும்.

ஜெயித்தவர் வீட்டை மட்டும் பார்ப்பது

இதே கதையில் இன்னொரு தவறும் ஒளிந்திருக்கிறது. காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டையும் கானாடுகாத்தான் மாளிகைகளையும் பார்த்துவிட்டு, திரைகடல் ஓடினால் இப்படித்தான் ஆகும் என்று முடிவு கட்டுவது. நமக்குப் பார்க்கக் கிடைப்பது சம்பாதித்துத் திரும்பியவர்கள் கட்டிய வீடுகள். கடையில் வேலை பார்க்கப் போய், 1942-இல் காட்டு வழியே நடந்து வந்தவர்கள் கட்டாத வீட்டை எந்தத் தெருவில் போய்ப் பார்ப்பது? தொழில் தொடங்கி ஜெயித்தவரின் பேச்சைக் கைப்பேசியில் கேட்டுவிட்டு வேலையை விடலாமா என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கும் இதுதான் பதில். அதே தொழிலை அதே தெருவில் தொடங்கி மூடியவர் ஒருவரையாவது தேடிப்போய்ப் பேசுங்கள். எங்கே சறுக்கியது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் மனம் விட்டுச் சொல்வார்கள்.

பாடம் எல்லாமே வெளியிலிருந்து வந்தது என்று எண்ணுவது

முதலாளி ஓரிடத்தில், அவருக்காகத் தொழில் பார்ப்பவர் வேறிடத்தில் இருந்தால் என்ன சிக்கல் வரும், அவரை எப்படி நேர்மையாக வேலை பார்க்க வைப்பது? மேலாண்மை வகுப்பில் இதற்கு ஜென்சன், மெக்லிங் இருவரும் 1976-இல் எழுதிய கட்டுரையைச் சொல்லித்தருவார்கள். நல்ல கட்டுரை, படிக்கத்தான் வேண்டும். அதைப் படித்த அன்றே, நம் ஊர்க்காரர் ரங்கூனிலும் பினாங்கிலும் இருந்த கடையை இங்கே முகப்பில் உட்கார்ந்து எப்படி நடத்தினார் என்றும் கேட்டுப் பாருங்கள். சின்ன வயதிலேயே பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்த்து, பேரேடு எழுதப் பழக்கி, பொறுப்பாளருக்கு உதவும் அடுத்தாளாக்கி, பிறகுதான் கடைப் பொறுப்பைக் கொடுப்பார்கள். பொறுப்பாளருக்குப் பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தவணை. போகும்போதே சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணம், கணக்கு முடிக்கும்போது லாபத்தில் பங்கு. கடையிலிருந்து கணக்கு ஊருக்கு வந்துகொண்டே இருக்கும். தப்பு செய்தால் அந்தப் பேச்சு கோயில் வரைக்கும் போகும், குடும்பத்தின் பெயர் கெடும். ஊக்கத்தொகை, கண்காணிப்பு, நற்பெயர் மூன்றும் இதில் இருக்கின்றன.

இதை நான் ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கோட்பாடு மனதில் தங்குவதற்குச் சொல்கிறேன். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி சென்னை, ரங்கூனோடு ஒரே நேரத்தில் காரைக்குடியிலும் கதவைத் திறந்தது. அது ஏன் என்று யோசித்தால், பன்னாட்டு வங்கித் தொழில் என்ற ஒரு பாடம் முழுவதும் நம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே விளங்கிவிடும். பழைய கணக்கர் யாராவது அக்கம்பக்கத்தில் இருந்தால், ஐந்தொகை (அதுதான் இருப்புநிலைக் குறிப்பு) எடுப்பது எப்படி என்று ஒரு மாலை கேளுங்கள். என் பேராசிரியர் நாலு வகுப்பு எடுத்தும் பிடிபடாத ஒன்று, பலசரக்குக் கடையில் கணக்கு எழுதிய ஒரு தாத்தா சொன்னதும் எனக்குப் பிடிபட்டது. "கல்லாப்பெட்டிக்கு உள்ள வர்றதுக்கும் வெளிய போறதுக்கும் பேர் வச்சுக்கம்மா, பேர் இல்லாத காசு ஒரு ரூபா கூட நடமாடக் கூடாது" என்றார்.

எல்லாவற்றையும் வரவு செலவாக எழுதுவது

நான் அதிகம் வருத்தப்படுவது இந்தத் தவறுக்குத்தான். அப்பாவின் மொய் நோட்டை ஒரு நாள் எடுத்து, பத்து வருஷத்துக்கு முன்னால் எழுதிய 500 ரூபாய் இன்றைக்கு 500-ஆகவே திரும்பினால் நமக்கு நஷ்டம், விலைவாசி ஏறிவிட்டது, இது வட்டியில்லாக் கடன் என்று பேசினேன். பணத்தின் காலமதிப்பு படித்த புதிது. அப்பா கோபப்படவில்லை. நோட்டைத் திருப்பி, 101 ரூபாய் என்று எழுதியிருந்த ஒரு பெயரின் மேல் விரலை வைத்தார். "அப்பத்தா ஆஸ்பத்திரில கிடந்தப்ப நாலு ராத்திரி வெளிய பெஞ்சுல படுத்துக் கிடந்தவன் இவன்தான் ஆத்தா. அதுக்கு என்ன வட்டி போட்டிருக்க?"

அதற்கு நான் வட்டி போட்டிருக்கவில்லை. போடவும் முடியாது. மணி நேரத்துக்கு இவ்வளவு என்று விலை வைத்து, சாவு வீட்டுக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கத் தொடங்கினால், வாய்ப்புச் செலவு (ஒன்றைச் செய்வதால் கைவிடும் மற்றதன் மதிப்பு) என்ற அருமையான கருத்தை அது வேலை செய்யாத இடத்தில் கொண்டுபோய் வைக்கிறோம்.

ஆனால் உறவு என்பதால் கணக்கே பார்க்கக் கூடாது என்று எதிர்ப்பக்கம் போவதும் தவறுதான். பக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் சில ஊர்களில் கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமல், மொய் வாங்குவதற்காகவே மொய் விருந்து தனியாக நடக்கிறது. அங்கே அது முழுக்க முழுக்கக் கடன் சுழற்சி. வாங்கியதைத் திருப்பி வைக்க வட்டிக்கு வாங்குபவர்கள் உண்டு. வருஷத்துக்கு நாம் வைக்க வேண்டிய மொய் எவ்வளவு வரும் என்று தை மாதமே ஒரு தொகையை ஒதுக்கி வைப்பது நல்ல புத்தி. அந்த வேலைக்கு எம்.பி.ஏ. படிப்பு உதவட்டும். யார் வீட்டுக்குப் போவது என்று முடிவு செய்யும் வேலையை அதனிடம் கொடுக்க வேண்டாம்.

போட்ட முதலீடு எத்தனை வருஷத்தில் திரும்பும் என்ற கேள்வியும் இப்படித்தான். முறுக்குப் பிழியும் இயந்திரம் வாங்கும்போது அதைக் கட்டாயம் கேளுங்கள். ஆனால் எல்லா இடத்திலும் அது பொருந்தாது. காரைக்குடியின் கல்வி வள்ளல் அழகப்பச் செட்டியார் இங்கே மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் ஆய்வகம் திறந்தது. அவர் கொடுத்த இடத்தில் படித்துவிட்டு வேலைக்குப் போனவர்களின் சம்பளத்தை யார் பெயரில் வரவு வைப்பது? என்னைப் போல இந்த ஊரிலிருந்தே பட்டம் வாங்க முடிந்த பெண்களுக்கு இந்தக் கேள்வி வெறும் கணக்கல்ல.

போட்ட காசை மறக்கத் தெரியாததும், எல்லாவற்றையும் மறந்துவிடுவதும்

எங்கள் வீட்டில் ஒரு பெரிய கிரைண்டர் இருந்தது. 28,000 ரூபாய் போட்டு வாங்கியது, ஒரு வருஷமாகச் சும்மா கிடந்தது. ‘அவ்வளவு காசு போட்டிருக்கே’ என்று விற்க மனம் வரவில்லை. போட்ட காசு போனதுதான், இனி வைத்திருந்தால் என்ன கிடைக்கும், விற்றால் என்ன கிடைக்கும் என்பது மட்டுமே கேள்வி என்று சொல்லி விற்கவைத்தேன். படிப்பு கொடுத்த தெளிவுதான் அது, இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதே வேகத்தில் பங்காளிகள் பத்துப் பேருக்குப் பாத்தியமான பழைய வீட்டையும் செத்த சொத்து என்று சொல்லிவிடுகிறார்கள் சிலர். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கதவுக்கு ஒரு விலை, தேக்குத் தூணுக்கு ஒரு விலை. தனித்தனியாக விலை தெரிவதால், வீட்டுக்கும் அதைக் கூட்டினால் விலை வந்துவிடும் என்று தோன்றுகிறது. கல்யாணத்துக்கும் சாமி கும்பிடவும் நாலு ஊரிலிருந்து வந்து கூடும் இடம் அந்த வீடு. அதைப் பிரித்துவிட்டால் பிறகு எந்த விலைக்கும் வாங்க முடியாது. திருப்பி வாங்க முடிந்ததை விற்பதும், முடியாததை விற்பதும் ஒரே முடிவு என்று நினைக்காதீர்கள். பராமரிக்கவே முடியாமல் விற்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஓட்டு வீட்டில் ஒரு மழைக்கு எத்தனை இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும்.

புத்தகச் சொல்லிலேயே பேசுவது

ஃபிக்சட் காஸ்ட், பிரேக் ஈவன் என்று நான் பேசிய நாட்களில் அத்தை தலையை ஆட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவார். புரியாமல் இல்லை, அந்தப் பேச்சில் அவருக்கு இடமில்லை. ஒரு நாள் வேறு மாதிரி கேட்டேன். "அத்தை, அடுப்பே பத்த வைக்காத மாசத்துல கூட நமக்கு என்னென்ன செலவு ஆகுது?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். பின்கட்டு வாடகை. கரண்டு பில். சீட்டுக்குக் கட்டும் பணம். மாவு சலிக்க வரும் அக்காவுக்குச் சும்மா இருக்கும் மாதமும் கொடுக்கும் 500 ரூபாய், கொடுக்காவிட்டால் தீபாவளிக்கு அவர் வேறு வீட்டுக்குப் போய்விடுவார். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச, டின்களுக்கு மூடி மாற்ற. எலி கடித்த அரிசி மூட்டை. நான் பேனா தேடி எடுப்பதற்குள் ஏழாவதற்கு வந்துவிட்டார்.

"மெதுவாச் சொல்லுங்க அத்தை" என்றேன். முதலில் இருந்து ஆரம்பித்தார்.