போட்டோபுக் செய்யும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு

பிடித்த படக்கலைஞரின் பாணியில் போட்டோபுக் செய்வதென்றால், அவர் எதை எடுத்தார் என்பதை விட்டுவிட்டு எப்படி எடுத்தார் என்று பாருங்கள். நம் கொழும்புக்காரர் லயனல் வென்டையே (1900–1944) எடுத்துக்கொள்ளுங்கள். சொலரைசேஷன் (படம் கழுவும்போது இடையில் வெளிச்சம் காட்டி, ஒளி நிழலை ஓரளவு தலைகீழாக்குவது), மொண்டாஜ் (பல படங்களை ஒரே படமாக இணைப்பது) என்று படம் கழுவும் இருட்டறையில் என்னென்னவோ செய்தவர். அதையெல்லாம் போனில் ஃபில்டர் போட்டுக் கொண்டுவரப் பார்ப்பது வீண் வேலை. ஒளியும் நிழலும் என்ற ஒன்றை மட்டும் எடுங்கள். மாலை ஐந்து மணிக்குப் புறக்கோட்டைக்குப் போய், மூட்டை சுமக்கும் நாட்டாமியின் தோளில் சரிந்த வெயில் எங்கே முடிகிறது என்று பாருங்கள். கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும், சரியா?

அப்புறம், கணினியில் வரிசைப்படுத்தாதீர்கள். தீப்பெட்டி அளவில் மலிவாக அச்செடுத்துத் தரையில் பரப்புங்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் வரும் இரண்டு படங்கள் ஒன்றையொன்று தின்கின்றனவா என்பது அங்கேதான் தெரியும். தின்றால் ஒரு பக்கத்தை வெறுமையாக விடுங்கள். எவ்வளவு நல்ல படமானாலும், வரிசையில் நிற்காவிட்டால் எடுத்துவிடுங்கள்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகமென்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும்: 16, 20, 24. யாருடைய படங்களைப் பார்த்துச் செய்தீர்கள் என்பதைக் கடைசிப் பக்கத்தில் பெயரோடு போட்டுவிடுங்கள்.